மாடல் ஒன்று சொல்ல, களம் வேறொன்று சொன்னால்: கதிரியக்கப் படிவுக் கணிப்பில் பிழை நீக்கும் வழிமுறை

அணு உலை விபத்திலோ அணு வெடிப்பிலோ காற்றில் கலந்த கதிரியக்கப் பொருள் எங்கே, எப்போது, எவ்வளவு தரையில் படியும் என்று கணித்துச் சொல்லும் நிரல்கள் பல இருக்கின்றன. அவை தரும் வரைபடத்தின் மேல் முதல் நாள் கள அளவீடுகளைப் புள்ளிகளாக இட்டுப் பார்க்கும்போது இரண்டும் பொருந்தியதை நான் இதுவரை கண்டதில்லை. பொருந்தாதது வியப்பன்று, பொருந்தாமல் போனவுடன் பலரும் செய்கிற முதல் காரியம்தான் கவலை தருகிறது. வெளியேறிய அளவை மூன்று மடங்காக்கியோ பாதியாக்கியோ மீண்டும் ஓட்டுகிறார்கள். எண்கள் ஓரளவு நெருங்கி வருகின்றன. உண்மையான கோளாறு காற்றிலோ மழையிலோ அளவுகருவியிலோ இருந்தால் அது அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த கணிப்பில்தான் அது தலைகாட்டும்.

ஆகவே இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. சோதிக்கும் வரிசையில் அளவீடு முதலில் வரும். பிறகு நேரம், காற்று, மழை, படியும் விதம் ஆகியவை வரும். வெளியீட்டு அளவு கடைசியில் வரும். அவசரத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஆசை எழும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாடல் என்றே எழுதுகிறேன். மாதிரி என்று எழுதினால் மண் மாதிரியோடு குழம்பும். எந்தத் தனிமம், எந்த மணியில், எவ்வளவு, எந்த உயரத்தில் வெளியேறியது என்ற முழுத் தொகுப்பை வெளியீட்டு விவரம் என்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று கருவி காட்டுவதைக் கதிர்வீச்சு வீதம் என்கிறேன். காற்றில் மிதந்து செல்லும் கதிரியக்கப் பொருளின் திரளை முகில் என்கிறேன்; மழை தரும் மேகத்தை மேகம் என்றே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

முதலில் ஓட்டிய கணிப்பை, அதற்குப் பயன்பட்ட வானிலைத் தரவோடு சேர்த்து, மாற்ற முடியாதபடி தனியே சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு கள அளவீட்டுக்கும் அளந்த நேரம், நேர மண்டலம், கருவியின் வகை, தரையிலிருந்து உயரம், அலகு, இயற்கைப் பின்னணி கழிக்கப்பட்டதா இல்லையா, தரையின் தன்மை, அப்போது மழை பெய்ததா என்ற விவரங்கள் வேண்டும். இவற்றில் மூன்று நான்கு இல்லாத அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தரும் எடை குறைய வேண்டும்.

அறிகுறி: எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மடங்கு வேறுபடுகிறது

வரைபடத்தின் வடிவம் சரி, நேரமும் சரி, ஆனால் களம் காட்டுவது எங்கும் மாடலைப் போல் மூன்று நான்கு மடங்கு என்றால், வெளியீட்டு அளவைத் திருத்தும் ஆசை இங்கேதான் வலுவாக எழும். அதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனவா என்று பாருங்கள்.

மாடல் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பெக்கரல் (நொடிக்கு ஒரு அணுச் சிதைவு) சீசியம்-137 என்று தரும். களத்தில் கையில் இருப்பதோ மைக்ரோசீவர்ட் எண். இடையில் ஒரு மாற்றுக் கணக்கு இருக்கிறது. தரையில் சதுர மீட்டருக்கு 10 லட்சம் பெக்கரல் சீசியம்-137 சீராகப் படிந்திருந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 2 மைக்ரோசீவர்ட் காட்டும். ஆனால் உலையிலிருந்து வரும் சீசியம்-137 தனியாக வருவதில்லை. ஃபுகுஷிமாவில் சீசியம்-134-உம் கிட்டத்தட்ட அதே பெக்கரல் அளவில் சேர்ந்தே வந்தது. அதன் காமாக் கதிர்கள் வலுவானவை என்பதால் அதே 10 லட்சம் பெக்கரலுக்கு அது மட்டும் 5 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் சேர்க்கும். ஆக மொத்தம் ஏழரையை ஒட்டி வரும். இந்த ஏழரையைக் கண்டு, "இரண்டால் வகுத்தால் சீசியம்-137" என்று கணக்குப் போட்டவர் படிவை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திச் சொல்லிவிடுவார். முதல் சில நாட்களில் டெல்லூரியம்-132, அதன் சேயான (அது சிதைந்து பிறக்கும்) அயோடின்-132, அயோடின்-131 ஆகியவையும் கலந்திருக்கும். அப்போது தவறு இன்னும் பெரிது. காமா நிறமாலை எடுக்கும் கருவியால் ஓர் இடத்திலாவது ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவங்களின்) விகிதத்தை அளந்து, அந்த விகிதத்தைக் கொண்டு மாற்றுக் கணக்கைச் சரிசெய்த பிறகே வெளியீட்டு அளவைப் பற்றிப் பேச முடியும்.

இயற்கைப் பின்னணி பெரும்பாலான இடங்களில் மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை இருக்கும். படிவு அதிகமான இடத்தில் இது பொருட்டன்று. முகிலின் ஓரத்தில் இதைக் கழிக்காமல் விட்டால் இல்லாத படிவு வரைபடத்தில் முளைக்கும்.

இவையெல்லாம் சரி, ஆனாலும் மடங்கு மாறவில்லை என்றால் வெளியீட்டு அளவைத் திருத்தலாம். 2011 மார்ச்சில், கதிரியக்கப் பரவலைக் கணிக்கும் ஜப்பானின் ஸ்பீடி அமைப்புக்கு ஃபுகுஷிமா உலையிலிருந்து வெளியீட்டு விவரம் கிடைக்கவில்லை. மணிக்கு ஒரு பெக்கரல் என்ற கற்பனை வெளியீட்டை வைத்தே அது ஓட்டப்பட்டது. அப்படிப்பட்ட கணிப்பில் திசையும் வடிவமும்தான் பொருளுள்ளவை, எண் பொருளற்றது. சரியான இடத்தில் எடுத்த ஒரு சில நல்ல அளவீடுகளாலேயே அந்த எண்ணுக்குப் பொருள் கொடுக்க முடியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அறிகுறி: முதல் நாள் பொருந்தியது, போகப்போக விலகுகிறது

அணு வெடிப்பின் படிவுக்கு நன்கு தெரிந்த ஒரு விதி உண்டு: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு வீதம் பத்தில் ஒன்றாகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1. நேரத்தின் மைனஸ் 1.2 அடுக்கு என்று எழுதப்படும் இந்த விதி, பிளவில் பிறந்த நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகளின் கலவை முழுவதுக்கும் பொருந்துவது. உலை விபத்தில் வெளிவருவது அந்தக் கலவையன்று. உலையில் பல மாதங்கள் தங்கிக் குறுகிய ஆயுள் ஐசோடோப்புகள் முன்பே சிதைந்துபோன எரிபொருளிலிருந்து, எளிதில் ஆவியாகும் அயோடின், சீசியம், டெல்லூரியம் போன்றவை மட்டும் முந்திக்கொண்டு வரும். முதல் வாரங்களில் டெல்லூரியம்-132-இன் 3.2 நாள் அரை ஆயுளும் அயோடின்-131-இன் 8 நாள் அரை ஆயுளும் வளைவை இறக்கும். பிறகு சீசியம்-134-இன் 2 ஆண்டும் சீசியம்-137-இன் 30 ஆண்டும் அதைத் தட்டையாக்கிவிடும். வெடிப்புக்கான சிதைவு விதியை உலை விபத்துக்குப் போட்டுவிட்டு "களம் குறையவே மாட்டேன் என்கிறது" என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை எளிது. ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்த அளவீடுகளை, இரு அச்சிலும் மடக்கை அளவிட்ட தாளில் இடுங்கள். வெடிப்புப் படிவு முடிந்த பின் சரிவு 1.2-ஐ ஒட்டி நேர்கோடாக இருக்க வேண்டும். கோடு வளைந்து மேலே நின்றால் ஒன்று கலவை வேறு, அல்லது படிவு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது நிலையில் அளவீடுகளை "வெடித்த ஒரு மணி நேரத்துக்கு" என்று பின்னோக்கித் திருத்துவது பெருந்தவறு. படிந்து முடியாததைப் படிந்ததாகக் கொண்டு கணக்கிட்டதாகிவிடும்.

அறிகுறி: வடிவம் சரி, ஆனால் இடம் தள்ளிப் போயிருக்கிறது

இதுதான் அடிக்கடி நேர்வது; தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். மாடலின் முகில் வடமேற்கே போகிறது, களத்தின் உச்ச அளவுகள் அதற்குச் சற்று மேற்கே கிடக்கின்றன. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் எந்தக் கணக்கும் இதற்கு இரட்டைத் தண்டனை கொடுக்கும்: மாடல் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை என்பதற்கு ஒன்று, சொல்லாத இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்று. இந்த நிலையில், கள அளவீடுகளைக் கொண்டு மாடலைத் தானே திருத்தும் தானியங்கித் தரவு இணைப்பை ஓடவிட்டால், அது வெளியீட்டைப் பன்மடங்கு உயர்த்தி, முகிலின் மெல்லிய ஓரத்தை வீங்க வைத்து, மேற்கேயுள்ள புள்ளிகளை எப்படியோ எட்டிப்பிடிக்கும். எண்ணளவில் பிழை குறையும், வரைபடம் பொய்யாகும்.

100 கி.மீ. தொலைவில் 10 பாகைத் திசைப் பிழை 17 கி.மீ. தள்ளிப் போடும். நிலையான இரவுக் காற்றில் மெல்லிய முகில் அவ்வளவு அகலம்கூட இருக்காது. ஆகவே, அளவீடுகளை முகிலின் அச்சின் வழியே எவ்வளவு தொலைவு, அச்சின் குறுக்கே எவ்வளவு விலகல் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். குறுக்கு விலகல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, தொலைவு கூடக்கூடப் பெருகினால் அது காற்றுத் திசைப் பிழை. எல்லாத் தொலைவிலும் விலகல் ஒரே அளவென்றால் வெளியீட்டு இடத்தின் ஆயத்தொலையையோ வரைபட வீழலையோ (உருண்டைப் புவியைத் தட்டையாக வரையும் முறையையோ) சந்தேகிக்க வேண்டும்; சிரிப்பாகத் தோன்றும், ஆனால் நடக்கும்.

காற்றுத் திசைப் பிழை என்று தெரிந்ததும் கேட்க வேண்டியது, எந்த உயரத்துக் காற்று என்பது. தரையிலிருந்து 10 மீட்டரில் ஒரு திசை, 500 மீட்டரில் வேறு திசை, 5 கி.மீ. உயரத்தில் முற்றிலும் எதிர்த்திசை என்று காற்று மாறுவது சாதாரணம். செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26 அன்று வெடிப்பும் எரியும் உலையின் வெப்பமும் பொருளை ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூக்கின. அந்த உயரத்துக் காற்றுதான் அதை ஸ்காண்டிநேவியா வரை கொண்டுபோய், ஏப்ரல் 28 காலையில் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் பணியாளரின் காலணிகளில் கண்டுபிடிக்க வைத்தது. தரைமட்ட வெளியீடு என்று வைத்து ஓட்டியிருந்தால் அந்தப் பாதை வந்திருக்காது.

வெடிப்பில் இது இன்னும் சிக்கலாகும், ஏனெனில் துகள்கள் மேலிருந்து கீழே வரும் வழியில் ஒவ்வோர் அடுக்குக் காற்றும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு கணக்கை அருகிலிருந்து பார்ப்போம். 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மண் துகள் நொடிக்கு ஏறத்தாழ 0.19 மீட்டர் இறங்கும்; 10 கி.மீ. உயரத்திலிருந்து தரைக்கு வர 15 மணி நேரம் ஆகும். 100 மைக்ரோமீட்டர் துகளுக்கு, சிறு துகள் இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் சூத்திரம் 0.75 மீட்டர் என்று சொல்லும், ஆனால் அந்தப் பருமனில் அந்தச் சூத்திரம் பொருந்தாது. உண்மையில் அரை மீட்டரை ஒட்டியே இருக்கும். இறங்கும் நேரம் நாலு மணிக்குக் கீழே என்பதற்கும் ஐந்தரை மணி என்பதற்கும் இடையிலான வேறுபாடு, மணிக்கு 60 கி.மீ. காற்றில் 100 கி.மீ. இடப்பிழை. ஆகவே, பிழை காற்றில்தான் என்று முடிவுகட்டுமுன் துகள் பருமன் பரவலையும் இறங்கு வேகச் சூத்திரத்தையும் பாருங்கள். களத்தில் தட்டுகளில் விழுந்த தூசியை நுண்நோக்கியில் அளந்து, தொலைவுக்குத் தொலைவு துகளின் பருமன் எப்படிக் குறைகிறது என்று காண முடிந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் நடந்த காசில் பிராவோ சோதனை இங்கே நினைவுக்கு வர வேண்டியது. 6 மெகாடன் அளவில் எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்தது. மேலடுக்குக் காற்று படிவைக் கிழக்கே ரோங்கெலாப் மக்கள் மேலும், ஜப்பானிய மீன்பிடிப் படகான டைகோ ஃபுகுரியு மாரு மேலும் கொட்டியது. ஆற்றல் கூடியது ஒரு பிழை, காற்று வேறொரு பிழை. இரண்டையும் ஒரே பெருக்குத்தொகையால் திருத்த முடியாது.

திருத்தம் என்று வரும்போது, காற்றுத் தரவைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டிய 20, 30 கணிப்புகளை வைத்துக்கொண்டு எவை களத்தின் குறுக்கு விலகலோடு ஒத்துப்போகின்றன என்று தேர்வதே என் விருப்பம். ஒரே கணிப்பைக் கையால் சுழற்றிப் பொருத்துவது முதல் சில மணி நேரத்துக்கு உதவும் அவசர வழி. மலையும் பள்ளத்தாக்கும் உள்ள இடத்தில் அதுவும் உதவாது. மாடல் நிலத்தைப் பிரிக்கும் கட்டத்தின் அகலம் 10 கி.மீ. என்றால் 3 கி.மீ. அகலப் பள்ளத்தாக்கு மாடலுக்குத் தெரியவே தெரியாது.

அறிகுறி: உச்சம் சரியான இடத்தில் வருகிறது, ஆனால் நேரம் தவறுகிறது

வேறுபாடு சரியாக முழு மணிகளில் இருந்தால் நேர மண்டலத்தைப் பாருங்கள். ஓர் ஒத்திகையில் நானே அரை நாள் இதில் வீணாக்கியிருக்கிறேன்: வானிலைத் தரவு உலகப் பொது நேரத்தில், கண்காணிப்பு நிலையங்கள் உள்ளூர் நேரத்தில், நடமாடும் வண்டியின் கருவி அதன் ஓட்டுநர் எப்போதோ வைத்த கடிகார நேரத்தில். மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டு, காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எந்தத் தரவு வந்தாலும் அட்டவணையின் முதல் நெடுவரிசையிலேயே உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அது இல்லையென்றால், வானிலைத் தரவு எத்தனை மணிக்கு ஒருமுறை கிடைக்கிறது என்று பாருங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் இடையில் காற்று திரும்பியதை மாடல் நேர்கோட்டில் நிரவிவிடும். கடற்காற்று உள்ளே நுழைவது போன்ற திடீர்த் திருப்பங்கள் இதில் காணாமல் போகும்.

அறிகுறி: எதிர்பாராத தொலைவில் தனித்த உச்சங்கள்

மழையைத் தேடுங்கள். செர்னோபில் படிவு வரைபடத்தில் உலையிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. வடகிழக்கே பிரயான்ஸ்க், கோமெல் பகுதிகளிலும், 1,000 கி.மீ. தாண்டி சுவீடனின் யெவ்லெ நகர்ப் பகுதியிலும் உள்ள கறைகள் மழை போட்டவை. ஃபுகுஷிமாவிலிருந்து வடமேற்கே இய்தாத்தே கிராமம் வரை நீண்ட படிவும் 2011 மார்ச் 15 அன்று முகில் போன வழியில் மழையும் பனியும் பெய்ததால் உறுதியானது.

மழை எவ்வளவு வேகமாகக் கழுவும் என்பதற்கு ஒரு கணக்கு. கழுவு வீதம் நொடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், ஒரு மணி நேரத்தில் முகிலிலுள்ள துகள்களில் 30 விழுக்காடு தரைக்கு வந்துவிடும். அதுவே ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 97 விழுக்காடு. இந்த இரண்டு மதிப்புகளும் நூல்களில் காணப்படும் எல்லைக்குள் இருப்பவைதாம். ஆகவே மழை பெய்த இடத்தில் மாடல் மூன்று மடங்கு தவறினால் அது வெளியீட்டைப் பற்றி ஒன்றையும் சொல்வதில்லை.

முதல் திருத்தமாக, மாடல் தானே கணித்த மழைக்குப் பதிலாக ரேடாரும் மழைமானியும் அளந்த மழையைக் கொடுங்கள். கணித்த மழை 20 கி.மீ. தள்ளியோ இரண்டு மணி நேரம் பிந்தியோ பெய்தால், முகில் கடந்துபோன பிறகு வெறும் காற்றைக் கழுவிக்கொண்டிருக்கும். இரண்டாவதாக, மேகத்துக்குள் நடக்கும் கழுவலையும் மேகத்துக்குக் கீழே நடக்கும் கழுவலையும் மாடல் பிரிக்கிறதா என்று பாருங்கள். முகில் மேகத்தின் உயரத்திலேயே போனால் முதல் வகைதான் முக்கியம். மலைச் சரிவுகளில் மழையே இல்லாமல் மூடுபனி படிந்தே கதிரியக்கத்தை இறக்குவதும் உண்டு. பல மாடல்களில் அதற்கு இடமே இல்லை.

இதே அறிகுறிக்கு ஒரு போலியும் இருக்கிறது. மழை தொடங்கியதும் கதிர்வீச்சு வீதம் ஏறுகிறது, மழை நின்று இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் ரேடானின் சேய்களான ஈயம்-214-உம் பிஸ்மத்-214-உம். இவற்றின் அரை ஆயுள் முறையே ஏறக்குறைய 27, 20 நிமிடங்கள். எந்த விபத்தும் இல்லாத நாளிலும் எல்லா ஊரிலும் இது நடக்கும். நிறமாலை எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எடுக்க வழியில்லை என்றால் மழை நின்ற பிறகு மூன்று மணி நேரம் பொறுத்திருந்து பார்க்கலாம். இறங்காமல் நிற்பதுதான் படிவு.

அறிகுறி: காற்றுச் செறிவு பொருந்துகிறது, தரைப் படிவு பொருந்தவில்லை

கண்காணிப்பு நிலையத்தின் வளைவு ஒன்றை எடுத்து நிதானமாகப் படிப்பது இங்கே பயன் தரும். முகில் வரும்போது வளைவு குன்று போல் ஏறுகிறது. முகில் போனதும் இறங்குகிறது. ஆனால் தொடங்கிய மட்டத்துக்கு இறங்காமல் ஒரு படியில் நின்றுவிடுகிறது. குன்று காற்றில் இருந்தது, படி தரையில் தங்கியது. குன்று பெரிதாகவும் படி ஏறத்தாழ இல்லாமலும் இருந்தால் கடந்துபோனது பெரும்பாலும் செனான்-133 போன்ற மந்த வாயு, அது படியாது. மாடலுக்கு இந்தக் குன்றையும் சீசியம் என்று சொல்லிக் கொடுத்தால், படிவைத் தாறுமாறாக உயர்த்திவிடும். குன்றையும் படியையும் ஒரே எண்ணாகச் சுருக்கிய அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

படி உண்டு, ஆனால் அளவு பொருந்தவில்லை என்றால் படிவு வேகத்தைப் பாருங்கள். காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரல் ஒரு மணி நேரம் இருந்ததாகக் கொள்வோம். நுண்துகளாக வந்த சீசியத்துக்கோ அயோடினுக்கோ படிவு வேகம் நொடிக்கு 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 360 பெக்கரல் படியும். தனி வாயு வடிவ அயோடின் நொடிக்கு 1 செ.மீ. அளவில் படிவதால் 3,600 பெக்கரல் தரும். மெத்தில் அயோடைடு போன்ற கரிம வடிவமோ இன்னும் நூறு மடங்கு மெதுவாகப் படியும். அயோடினின் இந்த மூன்று வடிவங்களும் "அயோடின்" என்ற ஒரே பெயரில் மாடலுக்குள் போனால் விடை எப்படியும் தவறும். துகள் தாள் மட்டும் வைத்து எடுத்த காற்று மாதிரியில் வாயு வடிவம் சிக்காது. அதற்குக் கரிப் பொதி வேண்டும். காட்டின் மேல் படிவு வேகம் புல்வெளியை விடப் பல மடங்கு கூடும் என்பதையும் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பக்கத்துப் பக்கத்து அளவீடுகளே பத்து மடங்கு வேறுபடுகின்றன

மாடலைத் தொடாதீர்கள். கூரைத் தண்ணீர் கொட்டும் இடம், சாலையோர வடிகால், மரத்தடி ஆகியவை படிவைச் சேர்த்து வைக்கும். கழுவப்பட்ட தார்ச்சாலை இழந்துவிடும். வண்டிக்குள் வைத்து அளந்தால் வண்டியின் உடல் ஒரு பங்கை மறைக்கும். வானிலிருந்து அளப்பது இதற்கு நேர்மாறு: 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டர் ஏறக்குறைய 600 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சராசரியைத்தான் தரும். மாடலின் ஒரு கட்டத்தோடு ஒப்பிட வானளவீடே பொருத்தமானது. தரையளவீட்டைப் பயன்படுத்தினால், அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பலவற்றின் நடுமதிப்பை எடுங்கள், உச்சத்தை அல்ல.

கருவியும் ஏமாற்றும். மிக வலுவான இடத்தில் சாதாரண கைகர் கருவி திணறிக் குறைவாகக் காட்டக்கூடும். உலைக்கு அருகே செல்லச் செல்ல எண் குறைந்தால் மகிழ வேண்டாம், வேறு கருவியைக் கொண்டுபோங்கள். செனான்-133-இன் 81 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் போன்ற குறைந்த ஆற்றல் கதிர்களுக்கு, ஈடுசெய்யும் உறை இல்லாத கருவி மிகையாகக் காட்டும். எங்கே கொண்டுபோனாலும் எண் இறங்கவில்லை என்றால் கருவியின் மேலேயே தூசி ஒட்டியிருக்கிறது. ஒரு நெகிழி உறையைப் போட்டு அவ்வப்போது மாற்றினால் தீரும்.

அறிகுறி: தரவு இணைத்த பின் எல்லாம் பொருந்துகிறது, அடுத்த கணிப்பு முன்னைவிட மோசம்

இது குணமானது போல் காட்டும் நோய். களத்தரவைக் கொண்டு வெளியீட்டு விவரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும்போது, மணிக்கு மணி வெளியீடு பற்கள் போல் ஏறி இறங்கினாலோ, இடையில் எதிர்மறை எண் வந்தாலோ, கணக்கு இரைச்சலைப் பொருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அளவீட்டுப் பிழையை மிகச் சிறிதாகக் கொடுத்திருப்பீர்கள். கருவியின் பிழை 10 விழுக்காடாக இருக்கலாம். ஆனால் ஒரு புள்ளி ஒரு கட்டத்தைப் பிரதிநிதிப்பதில் உள்ள பிழை இரண்டு மூன்று மடங்கு வரும். எடையைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவதுதான். ஒரே ஊரில் எடுத்த 200 அளவீடுகள் 200 தனிச் சான்றுகளும் அல்ல. நெருங்கியவற்றைத் தொகுத்து ஒன்றிரண்டாக்காவிட்டால் அந்த ஊர் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அளவுகள் பல பத்து மடங்குகளில் பரவியிருப்பதால் மடக்கையில் ஒப்பிடுவது நல்லது. அப்படிச் செய்யும்போது "கண்டறியப்படவில்லை" என்ற அளவீடுகளை மடக்கை எடுக்க முடியாதே என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு: முகில் எங்கே போகவில்லை என்பதைச் சொல்வது அவை மட்டுமே. கண்டறியும் எல்லையைக் குறித்து, "இதற்குக் கீழே" என்ற நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, தரவு எதைச் சொல்லவே முடியாது என்பது. ஃபுகுஷிமாவில் காற்றில் வெளியேறியதில் பெரும்பங்கு பசிபிக் கடல்மேல் போய்விட்டது. காற்று கடலை நோக்கி வீசிய மணிகளில் எவ்வளவு வெளியேறியது என்பதற்கு நிலத்துக் கருவிகளில் தடயம் இல்லை. கணக்கு அந்த மணிகளுக்கும் ஓர் எண்ணைத் தரும். அது நீங்கள் முதலில் கொடுத்த ஊகத்தின் எதிரொலி. ஆகவே ஒவ்வொரு மணிக்கும், ஊகத்தை இரட்டித்தால் விடை இரட்டிக்கிறதா என்று பாருங்கள். இரட்டித்தால் அந்த மணியைப் பற்றித் தரவு மௌனம். உலைக்குள் நடந்ததை ஆராய்ந்தவர்களின் அழுத்தப் பதிவுகளும், தொலைதூர நாடுகளின் காற்று அளவீடுகளும்தான் அங்கே உதவும். பல ஆண்டுகள் கழித்து, நகரங்களின் தூசியை அளக்கும் நிலையங்களில் இருந்த பழைய வடிதாள் நாடாக்களிலிருந்து மணிக்கு மணி சீசியம்-137 செறிவை ஜப்பானிய ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத் தொடர் படிவு வரைபடத்தால் தர முடியாததைத் தரும், ஏனெனில் படிவு எல்லா மணிகளையும் ஒன்றாகக் கூட்டிவிட்ட தொகை.

சரிபார்க்க, அளவீடுகளில் ஐந்தில் ஒரு பங்கை இணைப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். குலுக்கலில் ஒதுக்கினால் பக்கத்துப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முழுப் பகுதியையோ ஒரு முழு நாளையோ ஒதுக்குங்கள். மாடலின் போக்குவரத்துப் பகுதியை மட்டும் தனியே சோதிக்க 1994 அக்டோபரில் பிரான்சின் பிரெட்டனி (Brittany) பகுதியிலிருந்து நச்சற்ற சுவட்டு வாயுவை விட்டு, 17 நாடுகளில் 168 நிலையங்களில் அளந்த ஈடெக்ஸ் சோதனையின் தரவு இருக்கிறது. அங்கே வெளியீட்டு அளவு துல்லியமாகத் தெரியும், படிவும் இல்லை, சிதைவும் இல்லை. ஆகவே அங்கேயும் உங்கள் மாடல் இடம் தவறினால் குற்றவாளி காற்றும் பரவலும்தான்.

அடுத்த வண்டியை எங்கே அனுப்புவது

இந்தச் சோதனைகள் முடிந்தபின் பெரும்பாலும் இரண்டு மூன்று விளக்கங்கள் மிஞ்சும்: காற்று 10 பாகை திரும்பியிருக்கலாம், அல்லது மழை கணித்ததைவிடக் கூடுதலாகக் கழுவியிருக்கலாம். கிடைத்த தரவு இரண்டையும் பிரிக்காது. அப்போது அளவீட்டுக் குழு வழக்கமாக உச்சம் கண்ட இடத்துக்கே திரும்பவும் போக விரும்பும். அங்கே எல்லாக் கணிப்புகளும் "அதிகம்" என்றே சொல்லும்; புதிதாக ஒன்றும் தெரியாது. காற்றை மாற்றி மாற்றி ஓட்டிய கணிப்புகள் தமக்குள் மிக அதிகமாக முரண்படும் இடத்தை வரைபடத்தில் நிழலிட்டு, முகிலின் அச்சுக்குக் குறுக்காக, ஒரு பக்கப் பின்னணி மட்டத்திலிருந்து மறுபக்கப் பின்னணி மட்டம் வரை, ஒரே வேகத்தில் ஒரு பாதை ஓட்டச் சொல்லுங்கள். வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி, திறந்த புல்தரையில் ஒரு மீட்டர் உயரத்தில் வீதமும் நிறமாலையும் எடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று மழை பெய்யாத பகுதியில் இருக்கட்டும்.